கட்டமுதும் காட்டு வழியும்

கதிர்காமப் பாதயாத்திரைக்கு ஏற்ற மரக்கறி உணவுத் திட்டம்

பசித்து வரும் வழிப்போக்கருக்கு உணவளித்தல் நம் முன்னோர் போற்றிய அறங்களுள் ஒன்று. திருப்பைஞ்ஞீலியை நோக்கி நடந்த திருநாவுக்கரசு நாயனார் பசியாலும் நீர்வேட்கையாலும் இளைத்தபோது, இறைவன் வழியிலே சோலையும் குளமும் அமைத்துப் பொதிசோற்றுடன் காத்திருந்தான் என்று பெரியபுராணம் கூறும். திருக்குருகாவூர் வழியிலே சுந்தரமூர்த்தி நாயனாருக்கும் அவருடன் சென்ற அடியார்க்கும் பொதிசோறும் தண்ணீரும் கிடைத்தன என்பதும் அப்புராணம் தரும் செய்தியே. இவ்விரு வரலாறுகளிலும் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சோறு தனித்து வரவில்லை. சோற்றோடு நீரும் வந்தது.

நெடுவழி நடப்போர் தம் உணவைத் திட்டமிடும்போது பெரும்பாலும் மறந்துவிடுவது இந்நீரையே. உணவுப் பொருளைத் தராசில் இட்டு நிறுத்துப் பார்ப்பார்கள். அப்பொருள் வேகுவதற்கும் ஊறுவதற்கும் கழுவுவதற்கும் எவ்வளவு நீரைக் கேட்கும் என்பதை எண்ணிப் பாரார். நீரில்லாத இடத்திலே அந்நீரையும் தோளில் ஏற்றியே செல்லவேண்டும். ஆதலால், வழிக்குரிய உணவின் உண்மையான பாரம் அதன் நிறையோடு அது கேட்கும் நீரின் நிறையும் சேர்ந்ததே என்பதை முதற்கண் மனத்தில் இருத்துவோமாக. நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று குடும்பத்தோடும் இளைஞர் குழுக்களோடும் கதிர்காமத்துக்கு நடக்கின்றனராகையால், அந்த யாத்திரையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விடயத்தை விளக்க முற்படுகின்றோம்.

வழியின் இயல்பு

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் அடியார்கள் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே வழிபட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்றவாறு கீழைக்கரை வழியே நடந்து, உகந்தை மலையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியாகக் கதிர்காமம் சேர்வர். முழுத் தூரத்தையும் நடப்பதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் வேண்டும். 1983ஆம் ஆண்டின் பின்னர்ப் போரினாற் குலைந்த இவ்வழக்கம், 2009ஆம் ஆண்டிலே போர் ஓய்ந்தபின் மறுபடியும் தழைத்துள்ளது. இளைஞரோடு அறுபதையும் எழுபதையும் கடந்த தாய்மாரும் இதில் நடக்கின்றனர் என்பதை உணவு பற்றி எண்ணுவோர் மறத்தலாகாது.

உணவு நோக்கிற் பார்ப்பின் இவ்வழி இரு கூறாகப் பிரியும். பொத்துவிலும், அதற்கப்பாலுள்ள பாணமையும் வரையுள்ள பகுதி ஊர் வழி. அங்கே கோயில்கள் உண்டு, கிணறுகள் உண்டு, கடைகள் உண்டு, அடியாரை எதிர்கொண்டு அன்னமிடும் அன்பர்களும் உண்டு. உகந்தைக்கு அப்பாற்பட்டது காட்டு வழி. குமண, யால வனங்களூடாகக் கும்புக்கன் ஆற்றைக் கடந்து மாணிக்க கங்கைக் கரையை அடையும் வரை, நடப்போரின் வலிமைக்கேற்ப நான்கு முதல் ஆறு நாட்கள் செல்லும். யாத்திரைக் காலமோ கோடை. கச்சான் காற்று வறண்டு வீசும். சிற்றாறுகள் மணலாய்க் கிடக்கும். ஆற்று மணலிலே ஊற்றுத் தோண்டி நீர் எடுக்கவேண்டிய இடங்களும் உள. நீர் வழங்கும் அறப்பணியாளர் சிலவிடங்களில் வந்து உதவுவராயினும், அவ்வுதவியை நம்பி வெறுங்கையோடு புகுதல் அறிவுடைமையாகாது.

ஊர் வழிக்கும் காட்டு வழிக்கும் ஒரே வகையான மூட்டை பொருந்தாது. யாழ்ப்பாணத்திலிருந்தே ஒன்றரை மாதத்துக்குரிய பண்டங்களைச் சுமப்பவர் முல்லைத்தீவு காணுமுன்னரே தோள் நொந்து அவற்றை வழியில் விட்டுச் செல்வர். ஊர் வழியில் ஒரு நாளைக்குரிய கைக்காவல் போதும். காட்டு வழிக்குரியவற்றை நிறைத்துக்கொள்ளும் இடம் பொத்துவிலே.

ஊர் வழி உணவு

அன்னதானத்திற் கிடைப்பது பெரும்பாலும் சோறும் குழம்பும் ஒரு மரக்கறியுமாகும். வயிறு நிறையும், ஆயின், பல வாரம் இவ்வாறே உண்பவர்க்குப் புரதம் குறையக்கூடும். அரிசிப் புரதத்திலே லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு; பயறு, பருப்பு, கடலை முதலியவற்றில் அது மிகுதி. அவரையினப் புரதத்திற் குறைவாயுள்ள மெதியோனின் தானியங்களிலும் எள்ளிலும் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலால், சோற்றோடு பருப்பையும் புட்டோடு பயற்றையும் சேர்த்த நம் பாட்டிமாரின் வழக்கம் இக்கால உணவு நூலாருக்கும் உடன்பாடேயாகும். இரண்டையும் ஒரே கவளத்தில் உண்ணவேண்டும் என்பதில்லை. ஒரு நாளின் உணவில் இரண்டும் இருந்தாற் போதும்.

எனவே, ஊர் வழியில் நடப்பவர் தம் பையில் வறுத்த கச்சான் ஒரு பிடியும், அவித்துண்ணப் பயறோ கௌபியோ சிறிதளவும் வைத்திருத்தல் நன்று. கீழை மாகாணத்து எருமைத் தயிர் கிடைக்குமிடத்து அதனை விடாது உண்க. தாவர உணவுகளில் இயல்பாக இல்லாத விற்றமின் பி12 பாலிலும் தயிரிலும் உண்டு. கீரையிலும் பயற்றிலுமுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்குத் தேசிக்காய்ப் புளி துணை செய்யும். உண்டவுடன் தேநீர் அருந்துதல் அதற்குத் தடையாகும்.

கட்டுச்சோறு பற்றி ஓர் எச்சரிக்கை. புளியும் நல்லெண்ணெயும் சேர்த்த கட்டுச்சோறு சாதாரண சோற்றிலும் நெடுநேரம் கெடாதிருக்கும் என்பது மெய்யே. ஆயினும், அரிசியோடு வரும் சில நுண்ணுயிர்களின் வித்திகள் கொதிநீரிலும் மாயா; வெப்பத்திலே சோறு கிடக்கக் கிடக்க அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அதனை மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. விடியற்காலையிற் கட்டிய சோற்றை நண்பகலுக்குள் உண்டு முடித்தல் வேண்டும். மிஞ்சியதை மாலைக்கு வைத்தலாகாது.

பாரமும் பயனும்

இனிக் காட்டு வழிக்கு வருவோம். அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் மூட்டையுடன் நாளொன்றுக்குப் பதினைந்து முதல் இருபது கிலோமீற்றர் வரை நடப்பாராயின், அவருக்கு ஏறக்குறைய 2500 கலோரி வேண்டும். (கலோரி என நாம் குறிப்பது உணவு நூல்களில் வழங்கும் கிலோகலோரியையே.) இதனைக் குறைந்த நிறையிற் பெறுவது எவ்வாறு?

பொருள்களின் நீர்ச்சத்தே இங்கு வேறுபாட்டை உண்டாக்குகின்றது. அரிசி 100 கிராமில் சுமார் 360 கலோரி உண்டு. அதே அரிசி சோறானபின் 100 கிராமில் 130 மாத்திரமே உண்டு. பூசணிக்காய் ஒரு கிலோவைச் சுமந்து சென்றாலும் 260 கலோரியளவே கிடைக்கும். எஞ்சியது பெரும்பாலும் நீர். அவலிலும் பயற்றிலும் 100 கிராமுக்கு 350 அளவும், பனங்கட்டியில் 380 அளவும், பால்மாவில் 500 அளவும், கச்சானிலும் எள்ளிலும் 570 அளவும், உலர்ந்த தேங்காய்ப்பூவில் 660 அளவும், நல்லெண்ணெயில் 880 அளவும் உண்டு. எண்ணெய் வித்துக்கள் சேரச் சேர மூட்டை இலேசாகும். ஆயின், எண்ணெயை மட்டும் உண்டு எவரும் நடத்தல் இயலாது. வயிறு ஏற்கும் அளவுக்கே சேர்த்தல் வேண்டும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பின்வரும் அளவு பொருந்தும்:

சத்துமா – 120 கிராம்
பச்சையரிசி – 120 கிராம்
அவல் – 100 கிராம்
வறுத்த கச்சான் – 60 கிராம்
பனங்கட்டி – 60 கிராம்
மைசூர்ப் பருப்பு – 50 கிராம்
பால்மா – 30 கிராம்
உலர்ந்த தேங்காய்ப்பூ – 30 கிராம்
நல்லெண்ணெய் – 20 கிராம்

இவற்றின் கூட்டு நிறை 590 கிராம். இவை தரும் சக்தி ஏறக்குறைய 2500 கலோரி. புரதம் 70 கிராமளவு. உப்பு, புளி, மிளகு, சீரகம், செத்தல் மிளகாய், சுக்கு ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 40 கிராம் கூட்டினாலும், ஆறு நாளைக்குரிய முழு உணவும் நான்கு கிலோவுக்குள் அடங்கும்.

இந்த நான்கு கிலோவை நீரோடு ஒப்பிட்டுப் பார்க்க. கோடை வெயிலில் நாள் முழுதும் நடப்பவருக்கு நான்கு முதல் ஆறு லீற்றர் நீர் வேண்டும். ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஆகவே, ஒரு நாளைய உணவு அரைக் கிலோவுக்குச் சிறிது மேற்பட, ஒரு நாளைய நீர் ஐந்து கிலோவாகின்றது. உணவில் நூறு கிராமைக் குறைக்கப் பாடுபடுவதிலும், அரை லீற்றர் நீரை வீணாக்காத உணவைத் தெரிவதே மேல்.

நீர் போகும் மூன்று வழிகள்

சட்டியில் ஊற்றும் நீர் மூன்று வழியிற் போகும். ஒரு பங்கு உண்பவர் உடலைச் சேரும். ஒரு பங்கு ஆவியாகும். ஒரு பங்கு கழுநீராகவும் வடிநீராகவும் நிலத்தைச் சேரும். முதற்பங்கு நட்டமன்று. கஞ்சியாகக் குடித்த நீரும் குடிநீரே. பின்னிரண்டையும் ஒடுக்குவதே காட்டுச் சமையலின் கலை.

இந்நோக்கிற் சில பொருள்கள் தாமாகவே விலகும். கொண்டைக்கடலை இரவு முழுதும் ஊறி, நெடுநேரம் வேகவேண்டும். ஒடியல் மா நம் நாட்டின் சிறந்த உணவுகளுள் ஒன்றேயாயினும், அதனைப் பலமுறை நீரில் ஊறவைத்து வடித்தே சமைத்தல் வேண்டும். ஊர் வழியிற் கூழுக்கு உதவுமேயன்றிக் காட்டு வழிக்கு ஆகாது. ஆனால், அவித்து உலர்த்திய புழுக்கொடியல் அவ்வாறன்று. நீரும் நெருப்பும் கேளாமல், நடந்துகொண்டே மென்றுண்ணத்தக்க பண்டம் அது. நல்ல பல்லுடையார் தேங்காய்ச் சொட்டோடு கொண்டுசெல்க. சோயா இறைச்சி எனக் கடைகளில் விற்கப்படும் மரக்கறிப் பண்டம் இலேசானது. நிறையிற் பாதியளவு புரதம் உடையது. எனினும் ஊறவைத்துப் பிழியவேண்டியதாகையால், ஆற்றங்கரையிலே தங்கும் நாளுக்கே ஏற்றது.

இக்காலத்தார் பெரிதும் நம்பும் உடனடி நூடில்சும் பிசுக்கற்றும் பற்றிச் சொல்லவேண்டும். சக்தியளவிலே அவை இழிந்தவையல்ல. பிசுக்கற்று அவலிலும் மிகுந்த கலோரி உடையது. ஆயின், புரதம் குறைவு. நூடில்சுக்குக் கொதிநீர் வேண்டும். உப்பு மிகுதியாதலால் தாகமும் மிகும். உறைகளோ வனத்தின் கழுத்திற் சுருக்காகும்.

அரிசியையும் பருப்பையும் வீட்டிலேயே கல் நீக்கி, கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்திக் கட்டிக்கொண்டால், காட்டிலே கழுநீர் வேண்டியதில்லை. புழுங்கலரிசியிலும் பச்சையரிசி விரைவில் வேகும். மைசூர்ப் பருப்பு இருபது நிமிடத்துக்குள் வேகும். இரண்டையும் ஒரே சட்டியிலிட்டு, வடிக்காத கஞ்சியாகக் காய்ச்சுக. நன்கு கொதித்தபின் சட்டியை மூடி இறக்கி, தடித்த துணியாலோ சாக்காலோ சுற்றி அரைமணி நேரம் வைத்தால், எஞ்சிய வேக்காடு தன் சூட்டிலேயே முடியும். விறகும் மிஞ்சும், ஆவியும் குறையும். அறுவர் சேர்ந்து ஒரு சட்டியிற் சமைத்தல், ஆறு சட்டியிற் சமைத்தலினும் எவ்வளவோ சிக்கனமானது. விறகு எடுப்பதற்கும் தீ மூட்டுவதற்கும் அவ்வாண்டில் வன அதிகாரிகள் விதிக்கும் ஒழுங்குகளை முன்னரே கேட்டறிந்து, அதற்கேற்பத் திட்டத்தை அமைத்தல் கடன்.

வீட்டிற் செய்துகொள்ளத் தக்கவை

சத்துமாவுக்குப் பயறு மூன்று பங்கு, சிவப்பரிசி இரண்டு பங்கு, எள்ளு ஒரு பங்கு எனக் கொள்க. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதத்தில் வறுபடுமாதலால், தனித்தனியே வாசனை எழும்வரை வறுத்து, ஆறவிட்டு, அரைத்தெடுக்கவேண்டும். வறுத்தலால் ஈரம் நீங்கும். மா சமையாமலே உண்ணத்தக்கதாகும். பயற்றின் பச்சைத் தன்மையும் போகும். எள்ளின் நெய் வெப்பத்திற் சிக்கு நாற்றம் பற்றுமாதலால், இம்மாவை நெடுநாள் முன்னரே இடித்து வைத்தலாகாது. காட்டிற் புகுவதற்கு இரண்டு கிழமைக்குள் இடித்தது நன்று. ஒன்றரை மாதம் நடப்பவர், வீட்டார் மூலம் பொத்துவிலுக்குப் பொதி அனுப்புவித்துக்கொள்ளலாம்.

இம்மாவையே பனங்கட்டிப் பாகிற் பிசைந்து உருட்டினால், நம் ஊர்ப் பொரிவிளாங்காயின் இனமாகும். அது பல நாள் கெடாமைக்குக் காரணம், ஈரம் மிகக் குறைந்திருத்தலும், உள்ள ஈரத்தையும் பனங்கட்டி பற்றிக்கொள்ளுதலுமாம். பூஞ்சணம் வளர்வதற்கு நீர் கிடைப்பதில்லை. வறுத்த தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், உப்பு, பழப்புளி ஆகியவற்றை வெங்காயம் சேர்க்காது இடித்த உலர்ந்த சம்பலும், புறப்படுமுன்னர்ப் பொரித்து வைத்த மோர்மிளகாயும் கஞ்சிக்குச் சுவை தரும். சுவையைச் சிறுவிடயம் என எண்ணற்க. களைத்தவர்க்குப் பசி மந்திக்கும். உண்ண மனம் வராத உணவு எவ்வளவு சத்துடையதாயினும் சுமையே.

ஒரு நாளின் ஒழுங்கு

விடியுமுன் புறப்படும்போது சத்துமா உருண்டையும் பால்மா கரைத்த நீரும், வெயில் ஏறுமுன் தங்குமிடத்தில், சிறிதளவு நீர் தெளித்து நனைத்த அவலும் பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும், இடைவழியிற் கச்சான், மாலையில் நீர்நிலை கண்ட இடத்திலே எண்ணெய் விட்ட பருப்புக் கஞ்சி. நாளுக்கு ஒரு முறையே அடுப்பு. அதுவும் நீருள்ள இடத்திலேயே. நீரில்லா இடத்தில் உலர் உணவு. இதுவே நாம் கூறும் திட்டத்தின் சாரம்.

ஊற்று நீரைத் துணியால் வடித்து, கொதிக்கவைத்தோ குளோரின் வில்லை இட்டோ அருந்துக. வியர்வையோடு உப்பும் போதலால், வெறும் நீரை மட்டும் அளவுமீறிக் குடித்தல் மயக்கத்தையும் அதனினும் கொடிய தீங்கையும் விளைக்கக்கூடும். தேசிக்காயும் உப்பும் கலந்த நீரும், உப்பிட்ட கஞ்சியும் இதற்கு மாற்று. வயிற்றோட்டம் கண்டால் ஜீவனிப் பொதி உதவும். அது இல்லையேல், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர், நெடுநடையால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடுமாதலின், மருந்தின் அளவையும் உணவு வேளையையும் புறப்படுமுன் மருத்துவரோடு ஆராய்ந்து அமைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

ஒவ்வொரு நாளைய உணவையும் தனித்தனித் துணிப்பையிற் கட்டி, நாளெண் இடுக. முதல் நாளிலேயே மிகுதியாக உண்டு கடைசி நாளில் வாடுவது இதனால் ஒழியும். நாளுக்கு நாள் பாரம் அறுநூறு கிராம் குறைவதும் தெரியும். அரிசியும் பழமும் கறியும் காட்டு விலங்குகளை மணத்தால் அழைப்பன. குமண வனத்திலே யானையும் கரடியும் சிறுத்தையும் உண்டு. எஞ்சிய உணவைக் கூடாரத்தருகே கொட்டுதலும், இரக்கத்தால் யானைக்கு உணவு எறிதலும் பின்வரும் அடியாருக்கு ஆபத்தாகும். புத்தல – கதிர்காம வீதியிலே யானைகள் வாகனங்களை மறித்து உணவு எதிர்பார்த்து நிற்பது மனிதர் பழக்கிய பழக்கமேயன்றோ!

மிகையான ஒரு பை

இறுதியாக ஒன்று. ஆறு நாளைக்கு ஆறு பை கட்டுபவர் ஏழாவது பை ஒன்றும் கட்டுவாராக. அதன் பாரம் அறுநூறு கிராமே. நம் கணக்கெல்லாம் வலிய உடலும் நிரம்பிய கையும் உள்ளவருக்கே ஒத்துவரும். காட்டு வழியில் நம்மோடு நடப்போருட் பலருக்குத் தராசும் இல்லை, திட்டமும் இல்லை. ஒரு சிறு பொட்டலம் அரிசியோடும், முருகன் தருவான் என்னும் உறுதியோடும் வரும் முதியவர்கள் அவர்கள். மூட்டையை இயன்ற மட்டும் இலேசாக்கவேண்டும் என்று நாம் இத்துணையும் வற்புறுத்தியது, இளைஞர் விரைந்து நடந்து முன்னே போய்விடுவதற்கன்று. சுமை குறைந்த தோளிலே மற்றொருவரின் நீர்க்கலத்தை ஏற்றிக்கொள்ள இடமிருக்கும். ஒரு கையளவு சத்துமாவும் ஒரு குவளை நீரும் வேண்டிய நேரத்தில் ஒரு தாயின் கையிற் சேருமாயின், அவர் மாணிக்க கங்கையிலே நீராடுவார். சேராவிடின் வழியிலே இருந்துவிடக்கூடும். ஆதலால், அடுத்த யாத்திரைக்கு ஆயத்தமாகும் நம் இளைஞர்கள், தம் மூட்டையிற் கடைசியாக வைக்கும் பொருளாக அந்த ஏழாவது பையை வைப்பார்களாக. கேட்பவர் முன் அதனையே முதலில் அவிழ்ப்பார்களாக.